தலையெழுத்தும் மார்வலியும்

(வயது முதிர்ந்தவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் வீட்டாருக்குமாகக் கூட்டப்பட்ட ஒரு கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வியாதியைப் பற்றியது. வியாதியைப் பற்றிப் பேச வைத்தியருக்கல்லவா உரிமை, மேடையேறிப் பேசுகிறவர்களுக்கு அதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாம் வைத்தியர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று சொல்லவும் நாம் வரவில்லை. ஆனால் வைத்தியரிடம் போக வேண்டிய வேளையில் ஒருவனைப் போகவொட்டாமல் தடுப்பது எது என்று பார்த்தால், அநேக சமயங்களில் அது மருந்தில்லாத குறையல்ல. யோசிக்காத குறையாகவே இருக்கிறது. யோசிக்காத குறையைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமையுண்டு.

நம்மவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கஷ்டம் வந்தாலும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், "எல்லாம் என் தலையெழுத்து" என்று சொல்லிவிடுவார்கள். அந்த விரல் போய்த் தொடுகிற இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். நெற்றியின் ஓரத்தில், காதுக்கு முன்னாலும் மேலுமாக, நெற்றிப் பொட்டு என்று சொல்லுகிறோமே, அங்கே விரலை வைத்தால் ஒன்று துடிக்கிறது. அது எழுத்தல்ல, இரத்தக் குழாய். தலைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் அதுவும் ஒன்று. அந்தக் குழாயின் சுவர் வீங்கி, உள்ளே வழி குறுகிப்போகிற ஒரு வியாதி இருக்கிறது. அதற்கு ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று பெயர். தமிழில் இராட்சத அணுத் தமனி அழற்சி என்று சொல்லலாம். இராட்சதன் என்றவுடன் புராணத்து இராட்சதன் எவனோ வந்து புகுந்துகொண்டான் என்று யாரும் பயப்பட வேண்டாம். அந்தக் குழாயில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், பல அணுக்கள் ஒன்றாய்க் கூடிப் பெரிதாகத் தெரிகின்றன. அவ்வளவுதான் அந்த இராட்சதன். கண்ணாடிக்குக் கீழே அகப்பட்டுக்கொள்ளுகிற இராட்சதனுக்கு மந்திரம் வேண்டியதில்லை.

இந்த வியாதி யாருக்கு வருகிறது? 50 வயதுக்குக் கீழ் அநேகமாய் வருவதேயில்லை. 70 வயதுக்கும் 80 வயதுக்கும் இடையில்தான் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து முதலிய வட ஐரோப்பிய நாடுகளிலும், அங்கிருந்து குடியேறியவர்களின் சந்ததியார் நிறைய வசிக்கிற அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்திலும் மிகுதியாய்க் காணப்படுகிறது. நம் நாட்டில் குறைவு. ஆனால் குறைவு என்பதற்கு இல்லை என்று அர்த்தமல்ல. அரிதாய் இருப்பதனாலேயே இங்கே அது வைத்தியருடைய நினைவுக்கும் சட்டென்று வருவதில்லை. அன்றியும், இதற்கு நெருங்கிய உறவான இன்னொரு வியாதியை 1908ல் மிகிட்டோ டகயாசு என்ற ஜப்பானியக் கண் வைத்தியர் எடுத்துச் சொன்னார். அது வாலிபப் பெண்களைப் பிடிப்பது. நம் நாட்டிலும் காணப்படுவது. ஆகவே இரத்தக் குழாய்ச் சுவர் வீங்குகிற வியாதி வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

இதைக் கண்டுபிடித்த விதத்தையும் சற்றுக் கேளுங்கள். பாக்தாதில் ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன் இருந்த அலி இப்னு ஈசா என்ற கண் வைத்தியர், நெற்றிப் பொட்டுக் குழாயின் கோளாறுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருப்பதைக் கவனித்து எழுதி வைத்தார். 1890ல் லண்டனில் ஜொனதன் ஹட்சின்சன் என்ற வைத்தியர், ஒரு கிழவரின் தலையில் சிவந்த கோடுகள் ஓடுவதையும், அவை நோவதனால் அவரால் தொப்பி போட முடியாமற் போனதையும் பார்த்து, அந்தக் கோடுகள் வீங்கிய இரத்தக் குழாய்கள் என்று எழுதினார். 1932ல் மின்னசோட்டாவிலுள்ள மேயோ ஆஸ்பத்திரியில் ஹார்ட்டன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் குழாயை வெட்டிச் சோதித்து, இது தனி வியாதி என்று நிலைநாட்டினார்கள். 1941ல் கில்மர் என்பவர், இது தலைக் குழாயோடு நிற்பதில்லை, மார்புக்குள் இருக்கும் பெருந்தமனியையும் பிடிக்கிறது என்று காட்டினார். இவர்களில் ஒருவராவது, "இந்தக் கிழவன் முன்ஜன்மத்தில் என்ன பாவம் செய்தான்?" என்று கேட்டிருந்தால் இன்று நமக்கு என்ன கிடைத்திருக்கும்? கோடு சிவப்பாயிருக்கிறதே, ஏன் என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியினால்தான் இன்று பல பேருடைய கண் தப்பியிருக்கிறது.

கண் என்று ஏன் சொல்லுகிறோம்? இந்த வியாதியில் முதலில் புதிதாய் ஒரு தலைவலி வரும். சீப்பு பட்டாலும் தலையணை பட்டாலும் தலைத் தோல் நோகும். சோற்றை மெல்லத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தாடை வலித்து நிறுத்த வேண்டி வரும்; நிறுத்தினால் வலி விடும். தோளும் இடுப்பும் காலையில் கட்டை போல் பிடித்துக்கொள்ளும். காய்ச்சலும் இளைப்பும் இருக்கும். இவற்றைக் கவனியாது விட்டால் ஒரு நாள் திடீரென்று ஒரு கண்ணில் பார்வை போய்விடும். போனது அநேகமாய்த் திரும்புவதில்லை. மற்றக் கண்ணும் சில நாட்களுக்குள் போகக்கூடும். ஆகையால்தான் வைத்தியர்கள் இதில் சந்தேகம் பலமாயிருந்தால் சோதனையின் முடிவு வரும்வரைகூடக் காத்திராமல் பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தை, வழக்கமாய் ஒரு நாளைக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரையில், உடனே தொடங்கிவிடுகிறார்கள். இந்த மருந்தின் குடும்பத்தை மனிதனுக்கு உபயோகமாக்கியதும் அதே மேயோ ஆஸ்பத்திரிதான். 1948ல் பிலிப் ஹென்ச் என்பவர் கீல்வாதத்தில் கிடந்த ஒரு நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோனைக் கொடுத்தார். 1950ல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்பவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை சொன்னது தலையைப் பற்றி. இனி மார்புக்கு வருவோம். இன்றையப் பேச்சின் முக்கிய விஷயம் அதுதான். ஏனெனில், இந்த வியாதியோடு வருஷக் கணக்கில் வாழ்கிறவர்களை அதிகமாகக் கலங்க வைப்பது, தலைவலி தீர்ந்த பிறகு மார்பில் தோன்றும் குறிகளே. வலி, அடைப்பு, எரிச்சல், படபடப்பு, மூச்சு வாங்குதல், விடாத இருமல் — இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவுடன் வீட்டிலே இரண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சி, "எல்லாம் வாயு; ஓமத் தண்ணீர் குடி, தைலம் தேய்" என்று சொல்லும். மற்றக் கட்சி, "ஐயோ, முடிந்துவிட்டதே" என்று அழும். இரண்டு கட்சிக்கும் பேர் வேறே தவிர, குணம் ஒன்றுதான். இரண்டும் காரணம் கேட்பதில்லை. நாம் மூன்றாவது கட்சியாய் நின்று, இந்த வலிக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்ப்போம்.

ஏரியையும் வாய்க்காலையும் உங்களுக்குத் தெரியும். ஏரி மதகிலிருந்து பெரிய வாய்க்கால் புறப்பட்டு, கிளை பிரிந்து, கடைசி வயல் வரையில் தண்ணீர் போகிறது. இருதயம் ஏரி என்றால், அதிலிருந்து கிளம்பும் பெருந்தமனி பெரிய வாய்க்கால். நெற்றிப் பொட்டுக் குழாய் கடைமடைக்குப் போகிற சிறு கால். கரையை அரிக்கிற பூச்சி சிறு காலோடு நிற்குமென்று என்ன நிச்சயம்? பெரிய வாய்க்காலின் கரையையும் அது அரிக்கலாம். அரித்தால் கரை பலவீனமாகி வெளியே பிதுங்கும். அதைத்தான் குழாய் ஊதிப் பெருத்தல் என்கிறார்கள். மின்னசோட்டாவின் ஓம்ஸ்டெட் ஜில்லாவில் செய்த ஆராய்ச்சியொன்று 1995ல் வெளிவந்தது. இந்த வியாதியுள்ளவர்களுக்கு மார்புப் பகுதியில் பெருந்தமனி ஊதிப் பெருப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய 17 மடங்கு அதிகம் என்று அதில் கண்டார்கள். இது பெரும்பாலும் வியாதி கண்ட சில வருஷங்களுக்குப் பின் வருவது. வலி இல்லாமலே வளரக்கூடியது. எல்லோருக்கும் வருவதல்ல, சிலருக்கே வருவது. ஆனால் அப்படி ஊதிய இடத்தில் உட்சுவர் கிழிந்தால் அது நாழிகைக் கணக்கில் உயிரை வாங்கும். ஆகவே, "தலைவலி போய்விட்டது, வியாதி போய்விட்டது" என்று சும்மா இருந்துவிடாமல், பெருந்தமனியைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமா, எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்று வைத்தியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுவது அவசியம்.

இரண்டாவது காரணம், இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாய்கள். அவற்றை இந்த வியாதி நேரே பிடிப்பது அபூர்வம். ஆனால் வயது, இரத்த அழுத்தம், ஸ்டீராய்டினால் ஏறும் சர்க்கரை இவையெல்லாம் சேர்ந்து மற்றவர்களுக்கு வருவதுபோல் மாரடைப்பு இவர்களுக்கும் வரலாம். மூன்றாவது, காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளுவது. இது வியாதி தோன்றிய முதல் மாதங்களில் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவதும், பிறகு திடீரென்று மூச்சு முட்டுவதும் இதன் அடையாளம்.

நான்காவது, கிருமிகள். ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்குவதைப் போலவே, கிருமியோடு சண்டை போடும் சக்தியையும் அடக்கிவிடுகிறது. நுரையீரல் காய்ச்சல் வரலாம். உலகத்திலேயே காசநோயாளிகள் அதிகமாக உள்ள நாடு நம் நாடு. எத்தனையோ பேருடைய உடம்பில் அந்தக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. இந்த மருந்து அதை எழுப்பிவிடக் கூடும். ஆகையால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இராத்திரி வியர்வை இருந்தால் சளியைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். 2017 முதல் இந்த வியாதிக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கும் டோசிலிசுமாப் என்ற ஊசியைப் போட்டுக்கொள்ளுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். அந்த ஊசி காய்ச்சலையும், இரத்தப் பரிசோதனையில் தெரியும் வீக்கக் குறியையும் மறைத்துவிடும். காய்ச்சல் இல்லை, இரத்தம் சுத்தமாயிருக்கிறது என்பதனால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது.

அக்கியும் கிருமியினால் வருவதே. மார்பின் ஒரு பக்கத்தில் பட்டை போல் எரியும்; சில நாள் கழித்தே கொப்புளம் தோன்றும். நம் ஊர்களில் இதற்கு என்ன செய்கிறார்கள்? காவியைக் குழைத்து உடம்பின்மேல் எழுதுகிறார்கள், சிங்கம்கூட வரைகிறார்கள். நெற்றியில் ஒரு எழுத்து இருப்பதாக நம்பினவன் மார்பிலும் ஒரு எழுத்து எழுதிக்கொள்ளுகிறான். அக்கிக்கு மருந்து இருக்கிறது. கொப்புளம் கண்ட மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் அது நன்றாய் வேலை செய்யும். எழுதியது காய்ந்து உதிரட்டும் என்று காத்திருக்கிற அந்த மூன்று நாளில்தான் மருந்தின் காலம் போய்விடுகிறது. இதை எவராவது மறுக்க முடியுமா?

ஐந்தாவது, வியாதியே இருமலாய்ப் பேசுவது. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல், தொண்டை வலி முதலியவை இந்த வியாதியின் குறியாகவே வருகின்றன. சளி மருந்து குடித்துக் குடித்து அலுத்துப்போன இருமல் சரியான மருந்து தொடங்கினவுடன் நின்றுவிடுவதுண்டு. ஆறாவது, இரைப்பை எரிச்சல். இது மருந்தினால் வரலாம். எலும்புக்காக வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையும் தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு மார்பைச் சுடும். அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லியே கொடுக்கிறார்கள். அதைக் கேட்காமல் விழுங்கிப் படுத்துவிட்டு, "மார்வலி, மார்வலி" என்றால் என்ன செய்வது? ஏழாவது, எலும்பு. ஸ்டீராய்டு எலும்பை இளக்கப்படுத்தும். முதுகெலும்பு ஒன்று நசுங்கினால் வலி முதுகிலிருந்து இரு பக்கமும் சுற்றி மார்புக்கு வரும். எட்டாவது, தூக்கமில்லாமையும் பயமும். இந்த மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து நெஞ்சைப் படபடக்க வைக்கும். பயத்தினாலும் நெஞ்சு அடைக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் "உனக்குப் பயம்தான்" என்ற தீர்ப்பு மற்றவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைசியாய்ச் சொல்ல வேண்டியதே ஒழிய, முதலில் சொல்லத்தக்கதல்ல.

எட்டுக் காரணம் சொன்னோம். "இவ்வளவையும் எப்படி ஞாபகம் வைப்பது? வலி வந்த நேரத்தில் எட்டையும் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எண்ண வேண்டியதில்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பது வைத்தியர் வேலை. நாம் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இப்போதே ஓட வேண்டிய வலியா, அல்லது இரண்டொரு நாளில் போய்க் காட்டலாமா என்பது.

இப்போதே ஓட வேண்டியவை இவை. திடீரென்று வந்து, கிழிப்பது போல் முதுகுக்கும் தோளுக்கும் பாய்கிற வலி. மார்பை அமுக்கிப் பிடித்து, கைக்கோ தாடைக்கோ பரவி, சில நிமிஷங்களில் விடாத வலி. வியர்த்துக் கொட்டி மயக்கம் வருவது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது. இருமினால் இரத்தம் வருவது. வலியோடு ஒரு கையோ காலோ செயலற்றுப் போவது, பேச்சுக் குழறுவது. பார்வை மங்குவது, ஒன்று இரண்டாய்த் தெரிவது. இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். ராகுகாலம் கழியட்டும், சூலம் இல்லாத திக்கில் புறப்படலாம், மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிழிந்த குழாய்க்குப் பஞ்சாங்கம் தெரியாது.

காய்ச்சல், பல நாள் இருமல், சாப்பிட்டபின் எரிச்சல், குனிந்தால் முதுகைச் சுற்றி வலி, படி ஏறினால் முன்னைவிட மூச்சு வாங்குதல், கையை உயர்த்தி வேலை செய்தால் கை சோர்ந்து வலித்தல், இவைகளுக்கு இரண்டொரு நாளில் போய்க் காட்டலாம். ஒரு பக்கம் பட்டை போல் எரிந்து கொப்புளம் கண்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். கை சோர்கிறது என்றால், கைக்குப் போகும் குழாய் குறுகியிருக்கலாம். அதனால்தான் இந்த வியாதியுள்ளவர்கள் இரத்த அழுத்தத்தை இரண்டு கையிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒரு கையில் குறைவாகவும் மறு கையில் அதிகமாகவும் காட்டினால், அந்த வித்தியாசமே ஒரு சாட்சி. குறைந்த கையை மட்டும் பார்த்து, அழுத்தம் நன்றாயிருக்கிறது என்று ஏமாறவும் கூடும்.

நிற்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவுடன் என்ன சொல்ல வேண்டும்? நம் ஜனங்கள் அங்கே போய், "நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். அது போதாது. "எனக்கு ஜயண்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் இருக்கிறது, இத்தனை மில்லிகிராம் பிரட்னிசலோன் இத்தனை மாதமாய்ச் சாப்பிடுகிறேன், என் பெருந்தமனி கெட்டிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டும். இதை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ வைத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கென்று ஒரு அட்டையே கொடுத்து வைத்திருக்கிறார்கள். நமக்கு யாரும் கொடுக்காவிட்டால் நாமே எழுதிக்கொள்ளுவதற்கு யார் தடை? ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், பெருந்தமனி கிழிந்தவனுக்கும் ஈ.சி.ஜி. படம் சரியாகவே இருக்கலாம். படம் நன்றாயிருக்கிறது, வீட்டுக்குப் போ என்றால், "குழாய் வியாதி இருப்பதால் பெருந்தமனியை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா ஐயா?" என்று மரியாதையாகவும் தைரியமாகவும் கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல. நல்ல வைத்தியர் எவரும் கேள்விக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டாலும், அவருடைய கோபத்தைவிட நம்முடைய உயிர் பெரிது.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று பயமுறுத்துகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முகம் உப்பிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, நிறுத்திவிடு என்பார்கள். நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் ஒரு சுரப்பி இருக்கிறது. அது தினமும் இந்தச் சரக்கைத் தானே செய்துகொண்டிருப்பது. வெளியிலிருந்து மாதக் கணக்கில் மாத்திரையாய் வந்துகொண்டிருந்தால், அது வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். ஒரு நாள் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்றாகி, வாந்தியும் சோர்வும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். கண்ணுக்கு வரும் ஆபத்து இருக்கவே இருக்கிறது. ஆகவே குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லுகிறபடி படிப்படியாய்க் குறைக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். குறைக்கும்போது ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வியாதி மறுபடி தலைகாட்டுகிறது. அது யாருடைய குற்றமுமல்ல. அந்த வியாதியின் சுபாவம். இன்னொரு வேடிக்கை பாருங்கள். ஸ்டீராய்டு விஷம் என்று சொல்லி நிறுத்தச் செய்துவிட்டு, சிலர் ஒரு பொடி கொடுப்பார்கள். "சாப்பிட்டவுடன் வலி பறந்துவிட்டது, என்ன மகிமை!" என்று ஜனங்கள் கொண்டாடுவார்கள். அப்படிப்பட்ட சில பொடிகளைச் சோதித்துப் பார்த்ததில், அதற்குள்ளேயே அளவு தெரியாமல் ஸ்டீராய்டு கலந்திருந்ததுண்டு. அளவு தெரிந்த மாத்திரை விஷம், அளவு தெரியாத பொடி அமிர்தம் என்றால், இதைவிட மூடத்தனம் வேறு வேண்டுமா?

தினசரி வாழ்க்கையில் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, மார்பில் எது வந்தாலும் தேதி, மணி, எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதனால் விட்டது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி எழுதட்டும். பத்து நாள் எழுதினால், "எப்பப் பார்த்தாலும் வலிக்குது" என்பது மறைந்து, "வேகமாய் நடந்தால் வலிக்கிறது, நின்றால் விடுகிறது" என்ற உண்மை வெளிப்படும். வைத்தியருக்கு அந்த ஒரு வரி பத்துப் பரிசோதனைக்குச் சமானம். புகை பிடிப்பதை அறவே விட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிட்டால் வயிற்றுக்கும் நல்லது, இரவுத் தூக்கத்துக்கும் நல்லது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டியும், நிமோனியா, இன்புளூயன்சா, அக்கி இவைகளுக்குத் தடுப்பூசியும் வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைத்தியர் தடுத்தாலொழிய தினமும் கொஞ்ச தூரம் நடவுங்கள். படுத்தே கிடந்தால் எலும்பும் போகும், தசையும் போகும், தைரியமும் போகும்.

கடைசியாக நாம் சொல்ல வேண்டியது தாய்மார்களைப் பற்றி. இந்த வியாதி பெண்களுக்கே அதிகம் என்று சொன்னோம். நம் வீடுகளில் எழுபது வயதுப் பெண்பிள்ளை வலி என்று சொன்னால் யார் காதில் ஏறுகிறது? தலை சீவ முடியவில்லை என்றால், "இந்த வயசிலே சீவி முடித்து எங்கே போகப் போறே?" என்பார்கள். மெல்ல முடியவில்லை என்றால் கஞ்சியைக் கரைத்துக் கொடுப்பார்கள். மார்பை அடைக்கிறது என்றால், "வயசானா அப்படித்தான் ஆத்தா" என்பார்கள். அவளும், பிள்ளைக்குச் செலவு வைப்பானேன், மருமகளுக்குத் தொந்தரவு கொடுப்பானேன் என்று வாயை மூடிக்கொள்ளுகிறாள். இதைப் பொறுமை என்றும் பெண்மை என்றும் புகழ்கிறோம். நாம் கேட்கிறோம்: அவளுக்குக் கண் போன பிறகு கையைப் பிடித்து நடத்துவதற்கு எவ்வளவு செலவு? முதல் நாளே நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்து, இரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு சோதனை செய்வதற்கு எவ்வளவு செலவு? கணக்குப் பார்த்தாலும் மூடத்தனம்தான் அதிகச் செலவு பிடிப்பதாய் இருக்கிறது. வயது என்பது ஒரு வியாதியல்ல. வயதைக் காரணமாய்ச் சொல்லுகிறவன் காரணத்தைத் தேடாதவன்.

தாய்மார்களே! உங்கள் வலிக்கு நீங்களே வாய் திறவுங்கள். வலியைச் சொல்லுவதில் வெட்கமில்லை; மார்பு என்று சொல்லுவதிலும் வெட்கமில்லை. தோழர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவதை நம்புங்கள். கும்பிட விரும்புகிறவர்கள் கும்பிட்டுக்கொள்ளட்டும். அதற்காக நாம் இன்று வழக்காட வரவில்லை. ஆனால் முதலில் 108, பிறகு மற்றவை.

இந்த வியாதியோடு வாழ்வது முடியாத காரியமல்ல. அநேகர் மருந்து சாப்பிட்டுக்கொண்டும், சோதனை பார்த்துக்கொண்டும், வீட்டு வேலையும் வெளி வேலையும் செய்துகொண்டு பல வருஷம் இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றியது ஏன் என்று கேட்ட மனிதர்களின் உழைப்பு. அந்தக் கேள்வியை மார்பில் வலி வந்த வேளையிலும் நாம் விடாமல் கேட்க வேண்டும்.